கிளமென்சியம்மாவின் நங்கூரம்

மன்னார்ப் பேசாலையில் பிறந்து, சுவிஸின் பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் குடியிருக்கும் அஞ்சலினுக்கு வயது ஐம்பத்தொன்று. கிழமை நாட்களில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில் ரயில் ஏறிச் சேன்ஸ ஆற்றைக் கடந்து ஒரு கத்தோலிக்கக் கிராமத்துக்குப் போவாள். அந்த ஊர்க் கோயிலில், பக்கப் பீடத்துக்கு அடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலும்புக்கூடு படுத்திருக்கிறது. பதினாறு வருடமாக அதற்குப் பணிவிடை செய்தவள் அஞ்சலின்தான். ஊரின் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கே நடமாடுகிறார்கள்.

எலும்புக்கூடு என்றதும் முகத்தைச் சுளிக்கத் தேவையில்லை. அது ராசாத்தி மாதிரிப் படுத்திருக்கும். சிவப்புப் பட்டு, பொன்னூல் வேலைப்பாடு, விரலுக்கு விரல் மோதிரம், தலையில் கிரீடம். ஒரு கையை மடித்துக் கன்னத்துக்குக் கொடுத்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த தோரணை. பெயர் புனித கிளமென்சியா. ஊர்ச்சனம் பெயரை மட்டும் சொல்லும். அஞ்சலின் அம்மாவையும் சேர்த்துக் கிளமென்சியம்மா ஆக்கிவிட்டாள்.

ரோமாபுரிக்கு வெளியே, நிலத்துக்கு அடியில், கல்லைக் குடைந்து மைல் கணக்கில் ஒடுக்கமான பாதைகள் வெட்டியிருக்கிறார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் செத்தவர்களை அங்கேதான் கொண்டுபோய், சுவரில் தட்டுத் தட்டாகக் குடைந்த குழிகளில் வைத்து மூடினார்கள். மூடிய கல்லில் பெயர் வெட்டுவார்கள். முடியாதவர்கள் ஒரு மீனையோ, புறாவையோ, குருத்தோலையையோ கீறிவிட்டுப் போவார்கள். பிறகு பல நூறு வருடம் யாரும் அந்தப் பக்கம் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. நானூறு சொச்ச வருடத்துக்கு முன்பு அந்தப் பாதைகள் மறுபடி வெளிப்பட்டபோது, உள்ளே கிடந்தவர்களில் கனபேர் விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகள்தான் என்று முடிவுகட்டி, எலும்புகளைப் பெட்டிகளில் அடுக்கி மலைகளுக்கு இப்பால் அனுப்பினார்கள். சுவிஸ் நாட்டுக் கத்தோலிக்க ஊர்கள் போட்டி போட்டுக் கேட்டு வாங்கின. எலும்போடு முத்திரை குத்திய பத்திரம் ஒன்றும் வரும்.

“என்னைப் போலத்தான்,” என்று அஞ்சலின் பகிடியாகச் சொல்வாள். “அவவும் ஏஜென்சிக்காரனோட மலை ஏறி வந்தவ. ஆனா அவவின்ர பேப்பரை ஒருத்தரும் பிழை சொல்லேல்லை. என்ர அகதிக் கேஸை ரெண்டு தரம் றிஜெக்ட் பண்ணினவங்கள்.”

பகிடி விட்டாலும் பக்தியில் குறைவில்லை. மன்னார்த் தீவில் பிறந்தவளுக்கு வேதசாட்சி என்பது சும்மா ஒரு சொல் இல்லை. விசுவாசத்தை விடமாட்டோம் என்று வெட்டுப்பட்டுச் செத்த சனத்தின் மண் அது. ஆகவே 2009இல், மகள் செசீலியா மூளைக்காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அஞ்சலின் ஓடியது கிளமென்சியம்மாவிடம்தான். கணவன் எட்வேட் அந்தக் கோயிலுக்கு வெப்பமூட்டும் இயந்திரம் பூட்டப் போய், பங்குக் குருவானவர் ஏபிஷரோடு சிநேகமாகி, வியாழக்கிழமை தோறும் அவர் வீட்டில் ஜாஸ் சீட்டு விளையாடுகிற அளவுக்கு வந்திருந்த காலம். கண்ணாடிப் பெட்டியில் நெற்றியை வைத்து அஞ்சலின் நேர்த்தி வைத்தாள். பிள்ளை எழும்பினால், நான் உயிரோடு உள்ளவரைக்கும் சனிக்கிழமை தவறாமல் வந்து உங்களைப் பார்ப்பேன் என்றாள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்பதாம் நாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது.

அன்று தொடங்கிய வேலை. பேசாலையில் இப்படிக் கோயில் காரியம் பார்ப்பவரைச் சங்கிலித்தாம் என்பார்கள். இங்கே அந்தப் பதவிக்குச் சம்பளத்தோடு ஆள் வைக்க வேண்டும். பாதர் ஏபிஷருக்கு அந்தக் கவலையே இல்லாமல் போயிற்று. கண்ணாடி துடைப்பது, பூ மாற்றுவது, பட்டில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, பீடத்துணி கழுவி மடிப்பது, போகிற போக்கில் கோயில் முழுவதையும் கூட்டுவது. யாரும் கேட்காமலே செய்தாள்.

மூன்று வருடம் இப்படிப் போனது. 2012ஆம் ஆண்டு தை மாதம் எட்வேட் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கனடாக் கதையை எடுத்தான். ரொறொன்ரோவில் அவனுடைய தமையன் வெப்பமூட்டும் கொம்பனி ஒன்று நடத்துகிறார், ஆள் வேண்டுமாம், பேப்பர் எல்லாம் தாமே செய்து தருவாராம். எல்லோருமாகப் போவோம் என்றான். அஞ்சலினுக்கு ஆசைதான். அவளுடைய இரண்டு தங்கைகளும் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் நேர்த்தி இருக்கிறதே! ஊரில் என்றால் இப்படியான இக்கட்டுக்கு ஒரு வழி உண்டு. குருவானவரிடம் போய்ச் சொன்னால் நேர்த்தியை வேறொன்றாக மாற்றித் தருவார். நடந்து போகிறேன் என்றவர் வயதாகிவிட்டால் மெழுகுதிரி கொடுக்கலாம். ஆகவே அடுத்த சனிக்கிழமை அஞ்சலின் பாதர் ஏபிஷரிடம் போய், தனக்குத் தெரிந்த சமையலறை ஜெர்மனில், நேர்த்தியை மாற்றித் தாருங்கள் என்று கேட்டாள்.

 பாதர் அவளைப் பக்கப் பீடத்துக்குக் கூட்டிப்போனார். பீடத்தின் அடிச்சுவரில் உடைந்த சலவைக்கல் ஒன்று பதித்திருந்தது. எலும்போடு ரோமாபுரியிலிருந்து வந்த கல். அதில் நாலு வரி லத்தீன் எழுத்து, கீழே இரண்டு மீன், நடுவில் ஒரு நங்கூரம். மூன்று வருடமாக அவள் துடைத்த கல்தான். ஆனால் வாசிக்கத் தெரியாது.

“நேர்த்தியை மாற்ற எனக்கு அதிகாரம் உண்டு,” என்றார் பாதர். “ஆனால் முதலில் இதைக் கேளுங்கள். சிப்பாய்கள் வந்தபோது கிளமென்சியாவின் வீட்டார் எல்லோரும் கப்பலேறித் தப்பிப் போனார்கள். அவள் போகவில்லை. கல்லறைகளைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டாள். அதனால்தான் அவளுக்கு நங்கூரம் வெட்டினார்கள். அதன் பொருள் ‘இரு’, போகாதே என்பது. நீங்கள் அவளிடம் நேர்ந்தீர்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.”

வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் இந்தக் கதை எடுபட்டிருக்குமோ தெரியாது. அஞ்சலின் வள்ளக்காரன் மகள். நங்கூரம் போட்டால் வள்ளம் நிற்கும் என்பதைப் பேசாலையில் பால்குடிப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கல்லைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தனக்கென்றே ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்பு யாரோ வெட்டி வைத்ததுபோல் இருந்தது.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனாள். எட்வேட் சண்டை பிடிக்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டான்.

“சரி, அஞ்சலின். அது சாமி காரியம்,” என்றான். “நான் முதல்ல போய்ப் பாக்கிறன். பிறகு யோசிப்பம்.”

இந்த மனுசனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அன்றிரவு அவள் அழுதாள். பங்குனியில் அவன் போனான். முதல் வருடம் கிழமைக்கு ஒரு தரம் போன் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு நத்தாருக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கும். செசீலியா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மை விழாவுக்கும் வர முடியவில்லை என்றான். பிரிவு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது தானாக வந்து குந்திவிட்டது.

சுவிஸ் தமிழ்ச் சனத்தின் வாய் சும்மா இருக்குமா? எலும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புருசனைக் கைவிட்டவள் என்று ரெனானில் இருந்து சூரிச் வரைக்கும் கதைத்தார்கள். தங்கைமார் போனில் ஏசினார்கள். செசீலியா பதினான்கு வயதில் ஒரு நாள், “அப்பா எங்களை விட்டிட்டுப் போகேல்லை, நீங்கள்தான் அவரை விட்டனீங்கள்,” என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.  பிள்ளை சொன்னது உண்மை என்றுதான் அஞ்சலினும் நம்பினாள். பனிக்குளிருக்குள் அவன் தனியே என்ன சமைத்துச் சாப்பிடுகிறானோ என்று நினைத்து, இரவில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்த நாட்கள் உண்டு. சனிக்கிழமை தோறும் கண்ணாடியைத் துடைத்து முடித்ததும் கிளமென்சியம்மாவிடம் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வைப்பாள். உங்களுக்காக அந்த மனுசனைத் தனிய விட்டிட்டன், அந்தப் பாவத்தை என்ர கணக்கில வைச்சு, அவரை நீங்கள் பாருங்கோ. பதின்மூன்று வருடம் இதே விண்ணப்பம்.

இந்த வருடம் வைகாசியில் பட்டில் பூச்சி விழுந்தது. பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் பண்ண வேண்டும் என்று பங்குச் சபை முடிவெடுத்தது. பழைய எலும்பிலும் துணியிலும் கைதேர்ந்த ஸ்டுக்கி என்ற பெண்மணி வந்தார். எந்த ஊசி எங்கே குத்தியிருக்கிறது என்பது அஞ்சலினுக்குத்தான் தெரியும் என்பதால் அவளையும் உதவிக்கு வைத்துக்கொண்டார். கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் நீள மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, இருவருமாகக் கிளமென்சியம்மாவைக் கழற்றி அடுக்கினார்கள்.

ஸ்டுக்கி அம்மையார் நல்ல மனுசி. கை வேலை செய்யச் செய்ய வாயும் பேசிக்கொண்டே இருக்கும். தலையோட்டைத் தூக்கி, “இது வயதான ஆணுடையது,” என்றார். இடுப்பெலும்பு ஓர் இளம் பெண்ணுடையதாம். இடது தொடையெலும்பு இரண்டு இருந்தது, வலது இல்லவே இல்லை.

“அப்ப இது ரெண்டு பேரோ?” என்று அஞ்சலின் கேட்டாள்.

“இரண்டு பேராவது இருக்கும். மூன்றாகவும் இருக்கலாம்.”

“பேர்?”

“பெயர் கிடையாது. பெயரில்லாமல் கிடைத்த எலும்புகளுக்கு ரோமில் ஒரு பெயர் சூட்டித்தான் அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண வழக்கம்.” தலைமாட்டில் கம்பியால் கட்டியிருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். “வேதசாட்சியின் இரத்தம் என்று சொல்லி வைத்தார்கள். வாசனைத் தைலமாக இருந்திருக்கும். செத்தவர்கள் நாறாமல் இருக்கக் கல்லறைப் பூச்சில் பதித்து வைப்பது.”

 அஞ்சலின் இதையும் சமாளித்துவிட்டாள். கள்ளப் பெயரில் வந்தால் என்ன? அவளும் வேறு பெயரோடு எல்லை தாண்டியவள்தான். பெயர் பிழையென்றால் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? தன் பிள்ளையை எழுப்பிவிட்டது யாரோ ஒருவர். அது இரண்டு பேர் என்றால் இரண்டு பேருக்கும் நன்றி. இப்படி நினைத்துக்கொண்டு, வேலை முடிகிற நேரம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“நங்கூரக் கல்லையும் கழுவவேணுமோ?”

இருவரும் பீடத்தடிக்குப் போனார்கள். ஸ்டுக்கி அம்மையார் குனிந்து, விரலால் எழுத்தைத் தடவித் தடவி வாசித்தார். “இது வேறொரு கல்லறையின் கல். ஒரு புருசன் தன் மனைவிக்கு வைத்தது. ‘என்னோடு பதினொரு வருடம் ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் வாழ்ந்தவளுக்கு’ என்று போட்டிருக்கிறது. பாவம், அவளுடைய பெயர் உள்ள துண்டு உடைந்து போய்விட்டது.”

“நங்கூரம்? ‘இரு’ எண்டுதானே அர்த்தம்?”

“இல்லையே! யார் சொன்னது?” அவர் நிமிர்ந்து பார்த்தார். “நங்கூரம் நம்பிக்கையின் அடையாளம். சிலுவையை வெளியே காட்டாமல் அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். பயணம் முடிந்து கரை சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். நூற்றுக்கணக்கான கல்லறைகளில் இருக்கிறது. தனியொருத்தியின் கதை எதுவும் இதில் இல்லை.”

அஞ்சலின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வள்ளக்காரன் மகளுக்கு இப்போதுதான் புத்தி வந்தது. நங்கூரம் கரையில் கிடக்கிற சாமானா? அது வள்ளத்தோடு போகிற சாமான் அல்லவா? நங்கூரம் இல்லாமல் எந்த மடையன் கடலுக்குப் போவான்? இதைக்கூட யோசிக்காமல் போனேனே என்று தலையில் அடிக்க வேண்டும்போல் வந்தது.

“உங்களுக்குத் தெரியாதா?” ஸ்டுக்கி அம்மையார் பதறிப்போனார். “நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. 2010இல், ஒரு கிழமை நாளில், நாங்களே வந்து பார்த்து அறிக்கை கொடுத்தோம். குருவானவர்தான் கேட்டு எழுதுவித்தார். கல்லைப் பற்றியும் அதில் முழுப் பக்கம் இருக்கிறது.”

தன் கணினியைத் திறந்து காட்டினார். படம் இருந்தது, நங்கூரத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. கடைசியில், பெற்றுக்கொண்டேன் என்று பாதர் ஏபிஷரின் கையெழுத்து. கார்த்திகை 2010. அவர் அவளைக் கல்லுக்கு முன்னால் நிறுத்திக் கப்பல் கதை சொன்னது தை 2012. பதினான்கு மாதம் வித்தியாசம்.

பிழையாகத் தெரிந்து சொல்லியிருந்தால் மன்னித்துவிடலாம். இந்த மனுசன் சரியாகத் தெரிந்துகொண்டு சொல்லியிருக்கிறார்.  அஞ்சலின் தூசி படிந்த கையைக்கூடத் துடைக்காமல் குருமனைக்கு நடந்தாள்.

பாதர் ஏபிஷர் குசினி மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது, நரைத்த தாடி. அவள் நின்ற கோலத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்தக் கல்லை ஆரோ ஒரு புருசன் தன்ர பெண்சாதிக்கு வைச்சவனாம்,” என்றாள் அஞ்சலின். “உங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டு என்னை ‘இரு’ எண்டு சொன்னனீங்கள். கோயில் கூட்ட ஆள் வேணும் எண்டோ?”

“அப்படிச் சொல்லாதீர்கள்.”

“வேற எப்பிடிச் சொல்ல? நான் புருசனை விட்டனான் பாதர்! என்ர பிள்ளை தகப்பன் இல்லாமல் வளந்தது. ஊர் முழுக்க என்னை விசரி எண்டது. ஒரு கல்லில நீங்கள் ஏத்தி வைச்ச பொய்க்காக!”

 பொய் என்று அவரே ஒத்துக்கொண்டார், அதை மறைக்கப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, “நான் அதை எனக்காகச் சொல்லவில்லை, அஞ்சலின். எட்வேட்டிடம் கேளுங்கள்,” என்றார்.

“அவரிட்ட என்னத்தைக் கேக்க?”

“அவர்தான் சொல்ல வேண்டும்.”

“பாவசங்கீர்த்தனத்தில சொன்னதோ?”

“இல்லை.” அவர் மேசையைப் பார்த்தார். “இங்கே, இந்த மேசையில். சீட்டு விளையாடும்போது.”

அஞ்சலின் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கில் உட்கார்ந்தாள். பின்னேரம் மூன்று மணி, ரொறொன்ரோவில் காலை ஒன்பது. பாதர் சொன்னதில் பாதி அவளுக்கு விளங்கவில்லை. அல்லது விளங்காததுபோல் மனம் அடம்பிடித்தது. எது எப்படியோ, முதலில் அந்த மனுசனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பொய்யை நம்பி உங்களைத் தனியே விட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் போன் எடுத்தாள்.

“எட்வேட், நான் அஞ்சலின். பயப்பிடாதேங்கோ, பிள்ளை சுகமாய் இருக்கிறாள். ஒண்டு சொல்லவேணும். நான் உங்களோட வந்திருக்கவேணும். கிளமென்சியம்மா என்னை இரு எண்டு சொல்லேல்லை. பாதர் ஏமாத்திப்போட்டார். உங்களை அநியாயமாய்த் தனிய விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

  

“அஞ்சலின்,” என்றான் எட்வேட். “பாதர் உம்மை ஏமாத்தேல்லை. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொல்லிக் கேட்டனான்.”

“என்னது?”

“எனக்குத் தனியப் போகவேணும்போல இருந்தது. வேற ஆள் ஒருத்தரும் இல்லை, சத்தியமாய் இல்லை. உம்மட்டயும் ஒரு பிழையும் இல்லை. எங்களுக்குள்ள ஒரு நாள் சண்டை வந்திருக்கோ? அதாலதான் சொல்ல ஏலாமல் போச்சுது. ஒரு பிழையும் செய்யாத ஆளிட்ட, உம்மோட வாழ விருப்பமில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீர் நேர்த்தியை மாத்தப் பாதரிட்டத்தான் போவீர் எண்டு தெரியும். நீராவே நிக்கிறன் எண்டு சொன்னால் ஒருத்தருக்கும் நோகாது எண்டு பாதரிட்டச் சொன்னன். அவர் முதல்ல மாட்டன் எண்டவர். பிறகு...”

“பிறகு கல்லைக் காட்டினவர்.”

“ஓம்.”

“நான்தான் உங்களை விட்டனான் எண்டு சனம் கதைச்சது உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“பிள்ளை என்னைக் கேட்டது தெரியுமோ?”

“ஓம். அவள் எனக்கும் எழுதினவள். நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லியிருக்கவேணும். நீர் என்னை மன்னிக்கவேணும், அஞ்சலின்.”

பேர்னுக்குப் போகிற ரயில் வந்து நின்று, ஆட்களை இறக்கி ஏற்றிப் போய்விட்டது. அஞ்சலின் வாங்கை விட்டு எழும்பவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், அதுவும் வரவில்லை.

“மன்னிக்கிறதுக்கு முதல்ல கோவம் வரவேணுமே, எட்வேட்,” என்றாள். “பதின்மூண்டு வருசமாய் நான் என்னோடதான் கோவிச்சுக்கொண்டு இருந்தனான். உங்களோட இனித்தான் தொடங்கவேணும்.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.